மறுநாள் எண்ணுகிறவர்

"அத்தனையும் செத்துப்போச்சுங்க" என்று நான் சொன்னதும் அக்கா என் கையிலிருந்த பென்சிலைப் பிடுங்கித் தன் கொண்டையில் செருகிக்கொண்டார்.

"யாரு சொன்னா செத்துப்போச்சுன்னு? விழுந்து கெடக்கு, அம்புட்டுத்தான். செத்துச்சா இல்லையான்னு நாளைக்குச் சொல்லுதேன்."

எங்கள் ஊர் வாசகசாலையின் பின்னறையில் நடந்தது இது. மேஜைமேல் டம்ளர் பருமனில் ஒளி ஊடுருவும் குழாய்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் உள்ளேயும் மருந்து ஏற்றிய காகிதம் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. ஊரில் புகை அடித்துக்கொண்டு போகிறார்களே, அதே மருந்து. ஒரு மணி நேரம் அதற்குள் கிடந்த கொசுக்கள் எல்லாம் காலை மேலே தூக்கிக்கொண்டு விழுந்துவிட்டன. என் கண்ணுக்கு அது சாவுதான். அக்கா அவற்றை மருந்தில்லாத வேறு குழாய்களுக்கு மாற்றினார். மேலே சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சை வைத்தார். ஈரத்துணி போட்டு மூடி, அறையைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலையில் துணியை எடுத்தபோது பாதிக்கு மேல் எழுந்து நின்றிருந்தன. ஒரு கொசு முன்னங்காலால் தன் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தது. அக்கா கொண்டையிலிருந்து பென்சிலை உருவி என்னிடம் நீட்டினார்.

"இப்ப எழுது."

மாவட்ட ஆபீசில் கொசு ஒழிப்புப் பிரிவில் பூச்சி பிடிக்கும் வேலையில் இருந்தவர் அவர். அப்போது ஐம்பத்து நாலு வயது இருக்கும். நான் இந்த வார்டில் வீடு வீடாகப் போய்ச் சுகாதாரம் பார்க்கிற ஆஷா பணியாளர். பாலக்காடு ஜில்லா கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய மாந்தோப்பு ஊர் எங்களுடையது. குழாயில் நாலு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வந்தால் பெரிது, மற்றபடி லாரிதான். அதனால் வீட்டுக்கு மூன்று டிரம், நாலு டிரம் என்று வாசலில் நிற்கும். மழை விட்டுவிட்டுப் பெய்யும் மாதங்களில் அத்தனை டிரம்மிலும் கொசுப்புழு நெளியும். டெங்கு எங்களுக்குப் புதிதல்ல. எத்தனை தடவை புகை அடித்தும் அது அடங்காமல் போனதுதான் அந்த வருஷத்தின் புதுமை. ஏன் அடங்கவில்லை என்று பார்க்கத்தான் அக்காவை அனுப்பியிருந்தார்கள்.

அவர் மூணாறு பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களின் வரிசைவீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவர். நாங்கள் "சொல்றனுங்க" என்போம், அவர் "சொல்லுதேன்" என்பார். அதிலும் "நாளைக்குச் சொல்லுதேன்" என்பதுதான் அவர் வாயில் அதிகம் வந்தது. எங்கள் தெருப் பெண்கள் அவருக்கு 'நாளைக்கக்கா' என்று பேரே வைத்துவிட்டார்கள். எதைக் கேட்டாலும் தன் கண்ணால் பார்த்து முடிக்காமல் பதில் சொல்ல மாட்டார். ஒருநாள் மதியத்துக்குக் கொள்ளுப் பருப்பு கடைந்து கொண்டுபோய்க் கொடுத்து, "நல்லா இருக்குதுங்களாக்கா?" என்று கேட்டேன்.

"ருசியா இருக்கு. வயித்துக்கு ஒத்துக்கிடுதான்னு பாத்துட்டு நாளைக்குச் சொல்லுதேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "நேத்து கொள்ளு நல்லா இருந்துச்சு" என்பதுதான்.

இந்தப் பழக்கத்தால் அவருக்கு நல்ல பெயர் கிடைத்தது என்று சொல்ல முடியாது. எங்கள் வார்டு மெம்பர் புகை மெஷினைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்ட நாளில் அக்காவும் கூட இருந்தார். மெம்பர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "எப்படிங்க மேடம், இன்னிமே கொசுத் தொல்ல இருக்காதுங்களே?" என்று கேட்டார்.

"நாளைக்குச் சொல்லுதேன்."

மறுநாள் காலை ஏழு மணிக்கு நாலு வீட்டில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கட்டிலுக்கடியிலும் தொங்கும் துணிகளுக்குப் பின்னாலும் கண்ணாடிக் குழாயை வைத்து உறிஞ்சிப் பிடித்த கொசுக்களோடு டீக்கடைக்கு வந்தார். அங்கே பத்துப் பேருக்கு நடுவில் உட்கார்ந்திருந்த மெம்பரிடம், "நேத்து கேட்டீங்கள்ல. சாகலை" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. மெம்பர் அன்றிலிருந்து அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இதமாகச் சொல்லியிருக்கலாமே என்று நான் கேட்டபோது, "செத்துச்சான்னு கேட்டாரு, சாகலைன்னேன். இதுல இதமா என்னத்தச் சொல்ல?" என்றார்.

எனக்கும் அந்தப் பழக்கம் சில நேரம் எரிச்சலாகத்தான் இருந்தது. என் மகளுக்குக் காய்ச்சல் வரும்வரை.

அவளுக்கு அப்போது ஒன்பது வயது. டெங்கு என்று தெரிந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். நாலாம் நாள் காலையில் காய்ச்சல் விட்டது. இட்லி வேண்டும் என்று கேட்டாள். என் வீட்டுக்காரருக்கு உயிர் வந்துவிட்டது. அவர் மாந்தோப்புகளில் மருந்து அடிக்கிற வேலை பார்ப்பவர். மூன்று நாளாக வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தார். "ஊட்டுக்குப் போலாம் அம்மிணி, இங்க இருந்தா வேற சீக்கு ஒட்டிக்கும்" என்று துணிகளைப் பையில் எடுத்துவைக்க ஆரம்பித்துவிட்டார். அந்த நேரத்தில் அக்கா பார்க்க வந்தார். மகளின் நெற்றியைத் தொடவில்லை. கைவிரல்களைப் பிடித்துப் பார்த்தார். நகத்தை அழுத்தி, விட்டு, மறுபடியும் நிறம் வருவதைப் பார்த்தார்.

"கை சில்லுன்னு இருக்கு. காய்ச்சல் விட்ட பெறகுதான் இதுல பயமே. இன்னும் ரெண்டு நாள் இங்கனயே இருங்க" என்றார்.

"அதான் வுட்டுருச்சுங்களே" என்றார் வீட்டுக்காரர்.

"எந்தம்பிக்கும் விட்டுச்சு. காய்ச்சல் விட்டுருச்சுன்னு எங்கம்மா எஸ்டேட் ஆஸ்பத்திரியில இருந்து தூக்கிட்டு வந்துட்டா. லயத்துக்கு வந்து கஞ்சி குடிச்சான். சாயங்காலம் விளையாடக்கூடச் செஞ்சான். விடியக்காலம் இல்லை."

தன்னைப் பற்றி அக்கா என்னிடம் சொன்னது அந்த ஒன்றுதான். அதையும் சொல்லிவிட்டு, பையிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் கட்டில்மேல் வைத்தார். அன்று சாயங்காலம் என் மகளுக்கு வயிற்றுவலி வந்தது. ரத்த அழுத்தம் இறங்கி, கண் செருகிவிட்டது. ஆஸ்பத்திரியில் இருந்ததால் உடனே இரண்டு கையிலும் சலைன் ஏற்றினார்கள். பிழைத்தாள். வீட்டில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு அக்கா எங்கள் வீட்டுக்கு உரிமையோடு வந்துபோனார். வீட்டுக்காரரிடம் தோப்புக் கதைகளைக் கேட்பார். மாம்பூவுக்கு என்ன அடிக்கிறீர்கள், பிஞ்சுக்கு என்ன அடிக்கிறீர்கள், மழை வந்தால் திரும்ப அடிப்பீர்களா என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொள்வார். ஒருநாள் நோட்டை மூடிவிட்டு அவரிடம் சொன்னார்.

"நீங்க பூவுக்கு அடிக்கிறதும் நாங்க புகையில கலக்குறதும் ஒரே சாதி மருந்துதான் தம்பி. தோப்புல இருந்து வழிஞ்சு வர்ற தண்ணியிலயும், உங்க வாளியிலயும், கைகழுவுற எடத்துலயும் இந்தக் கொசு அதுலயே பொறந்து வளந்துருக்கு. அதுக்கு இது பழகிப்போச்சு."

"அப்பொ நாந்தான் ஊட்டி வளத்தியிருக்கறனுங்க" என்று வீட்டுக்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் வேதனையும் இருந்தது. அவர் எந்த வேலையையும் அரைகுறையாக விட மாட்டார். தான் அடித்த மரத்தில் ஒரு பூச்சி உயிரோடு இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

ஆடி கடைசியில் அக்காவுக்குப் புதிய காகிதங்கள் வந்தன. ஒன்றில் பழைய மருந்து, இன்னொன்றில் வேறு சாதி மருந்து, மூன்றாவதில் இரண்டும் சேர்ந்தது. எங்கள் தெரு டிரம்களிலிருந்து எடுத்த புழுக்களை அவர் வாசகசாலையிலேயே வலைக்கூண்டில் வளர்த்துக் கொசுவாக்கி வைத்திருந்தார். எதற்கு இரண்டையும் சேர்க்க வேண்டும் என்று கேட்டேன்.

"ஒரு மருந்துக்குத் தப்பிக்க இதுக்கு ஒரு வழி தெரிஞ்சுபோச்சு. உள்ள போன மருந்தை முறிச்சிருது. இன்னொரு மருந்து வேற எடத்துல போய் அடிக்கும். ரெண்டுக்கும் ஒரே நேரத்துல தப்பத் தெரிஞ்ச கொசு ரொம்பக் கொஞ்சந்தான் இருக்கும். இருக்கான்னு பாப்போம்."

பழைய மருந்துக் குழாயில் வழக்கம்போலப் பாதிக்கு மேல் எழுந்தன. புது மருந்து மட்டும் இருந்ததில் கொஞ்சம் எழுந்தன. இரண்டும் சேர்ந்த குழாயில் மறுநாள் ஒன்றுகூட எழவில்லை. எனக்குக் கை தட்டத் தோன்றியது. அக்கா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஒவ்வொன்றாகக் குச்சியால் தொட்டுப் பார்த்தார். இன்னும் ஒருநாள் வைத்திருந்து மறுபடியும் பார்த்தார். அதே சோதனையை வேறு மூன்று தெருக் கொசுக்களை வைத்துத் திரும்பச் செய்தார். அதற்கப்புறம்தான் எழுதி மேலே அனுப்பினார்.

அனுப்பிய அன்று என்னை உட்காரவைத்து, "இந்த அறையில நீயும் நானுந்தான் இருந்தோம். இதை வெளிய பேசாத. வீட்டுலயும் பேசாத" என்றார்.

"ஏனுங்கக்கா? நல்ல சேதிதானுங்களே?"

"கொசு சாகுதுன்னு எனக்குத் தெரியும். அதை மனுசன் இருக்கிற வீட்டுச் சொவத்துல அடிச்சா, தவழுற பிள்ளைக்கு என்ன ஆகும், அடிக்கிறவனுக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. அந்தக் கணக்கு நான் பாக்கலை. பாக்குறவங்க வேற. எந்த மருந்து, எம்புட்டு அளவுன்னு அவங்க சொல்லி வரட்டும்."

வருவதாக இல்லை. ஒரு வாரம் போனது, மூன்று வாரம் போனது. நான் கேட்கும்போதெல்லாம், "எழுதியிருக்கேன். பதில் வரட்டும்" என்றார் அக்கா. இதற்கிடையில் வடக்குத் தெருவில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்திக்குக் காய்ச்சல் வந்து, ஆறாம் நாள் தாயும் பிள்ளையுமாகப் போய்விட்டார்கள். அவளுடைய கார்டில் எடையையும் ஊசி போட்ட நாளையும் நான்தான் எழுதிவந்தேன். அடுத்த மாதப் பிரசவப் பட்டியலில் அவள் பெயரை அடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அழுகையை விட ஆத்திரம்தான் அதிகம் இருந்தது. வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மருந்து இருக்குதுங்க. எங்கண்ணுல பாத்தனுங்க. ரெண்டு சாதி மருந்தக் கலந்து வெச்சா ஒண்ணுகோட எந்திரிக்கறதில்லைங்க. ஆபீசுல காயிதத்த வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறாங்க" என்று சொல்லிவிட்டேன்.

அவர் சோற்றில் வைத்த கையை எடுத்தார். "எந்த ரெண்டு சாதி?" என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

அவர் எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டார். தோப்பு மருந்துகள் வைத்திருக்கும் கொட்டகையில் அந்த இரண்டு சாதியிலும் டப்பாக்கள் இருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. இப்படிச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நானே சில நாள் நம்புவதில்லை.

மறுநாள் மத்தியானம் அவர் கைத்தெளிப்பானோடு எங்கள் வீட்டுச் சுவர்களில் அடித்தார். நானும் மகளும் வெளியே நின்றோம். நாற்றம் தாங்கவில்லை. சாயங்காலம் வீட்டில் கொசு இல்லை. அடுத்த நாளும் இல்லை. பக்கத்து வீட்டில் கூப்பிட்டார்கள். அதற்கப்புறம் தெருவே கூப்பிட்டது. வடக்குத் தெருவில் அந்தக் கர்ப்பிணியின் மாமியார் வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழைத்துப் போனாள். ஜன்னலைச் சாத்தி, முகத்தில் ஒரு துண்டை மட்டும் கட்டிக்கொண்டு, மூன்று நாளில் பதினேழு வீடுகளுக்குள் அடித்தார். "தோப்புல காத்துல அடிக்கிறது வேறங்க, இது மூடுன அறைங்க" என்று நான் சொல்லாமல் இல்லை. "இன்னும் நாலே ஊடு புள்ள" என்றார்.

அந்த வாரம் அக்கா ஆபீஸ் வேலையாகப் பாலக்காட்டில் இருந்தார். இங்கே நடப்பது அவருக்குத் தெரியாது. போனில் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை.

நாலாம் நாள் காலையில் வீட்டுக்காரர் வாசல் டிரம்மைப் பிடித்துக்கொண்டு நின்றார். உடம்பெல்லாம் வியர்வை, வாயில் எச்சில் ஒழுகியது. கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. ஆட்டோவில் ஏற்றும்போதே தசைகள் துடித்தன. ஆஸ்பத்திரியில் என்ன மருந்து, எந்த அளவு என்று டாக்டர் கேட்டார். எனக்கு டப்பாக்களின் பேர்கூடத் தெரியவில்லை. யாரோ போன் செய்ததில் அக்கா பாலக்காட்டிலிருந்து எங்கள் கொட்டகைக்கே நேராகப் போய், காலி டப்பாக்களை ஒரு சாக்கில் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். டாக்டரிடம் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். எல்லாவற்றையும் இரண்டு தடவை கேட்கிற அவர் என்னிடம் ஒன்றையுமே கேட்கவில்லை.

இரண்டாம் நாள் வீட்டுக்காரர் கண் விழித்தார். பேசினார். மகளிடம், "கொசு கடிக்குதா கண்ணு?" என்று கேட்டார். மூன்றாம் நாள் கழுத்தைத் தூக்க முடியவில்லை என்றார். பிறகு மூச்சை இழுக்க முடியவில்லை. சிலருக்கு இப்படி ஆகும் என்று டாக்டர் எங்களிடம் முதலிலேயே சொல்லியிருந்தார். மெஷின் வைத்தார்கள். ஆறு நாள் மெஷினில் இருந்து, போய்விட்டார். நாற்பத்தோரு வயது.

மூன்று வாரம் கழித்து அன்வேஷணம், அதாவது விசாரணை, என்று சொல்லி மேலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். பதினேழு வீடுகளில் இன்னும் நாலு பேர் வாந்தியும் தலைசுற்றலுமாக ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருந்தார்கள். முடிவாகாத ஒரு சோதனையின் விவரம் வெளியே எப்படிப் போனது என்பதுதான் கேள்வி. பஞ்சாயத்து ஹாலில் அக்காவை உட்காரவைத்து விசாரித்தார்கள். அடுத்து என்னைக் கூப்பிடுவதாக வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லியிருந்தார்கள். மகள் என் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே பேசுவது அத்தனையும் கேட்டது. யார் சொன்னது என்று ஒருவர் மலையாளத்தில் கேட்டார்.

அக்காவின் குரல் தெளிவாக வந்தது. "ஞானாணு பறஞ்ஞது."

'சொன்னது நான்தான்' என்று தன்மேலேயே போட்டுக்கொண்டார். தோப்பைப் பற்றி விவரம் கேட்கப் போனபோது பேச்சுவாக்கில் அந்த ஆளிடம் தானே சொன்னதாகவும், ஆஷாவுக்கு இதில் ஒன்றும் தெரியாது என்றும் சொன்னார். எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

நான் எழுந்து உள்ளே போயிருக்க வேண்டும். இரண்டு எட்டு வைத்தால் வாசல். மடியில் மகள் இருந்தாள். வேலை போனால் இவளை எப்படி வளர்ப்பேன் என்று நினைத்தேனா, ஊர் என்னைப் புருஷனைக் கொன்றவள் என்று சொல்லும் என்று நினைத்தேனா, தெரியவில்லை. எழவில்லை. என்னை அவர்கள் கூப்பிடவும் இல்லை. அக்கா வெளியே வந்தபோது எங்களுக்கு முன்னால் ஒரு நொடி நின்றார்.

"வெயில் அடிக்கு. பிள்ளையைத் தள்ளிப் படுக்கவை" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அதற்குமேல் அவரை எங்கள் ஊருக்கு அனுப்பவில்லை. ஆபீஸ் ஸ்டோர் அறையில் பதிவேடு பார்க்கும் வேலைக்குப் போட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார்.

இரண்டு மாதம் கழித்து அந்த மருந்து வந்தது. ஒரே பாக்கெட்டில் இரண்டும் சேர்ந்து, அளவோடு, வீட்டுச் சுவருக்கென்றே செய்தது. அடிக்க வந்தவர்கள் கண்ணாடி, முகமூடி, கையுறை எல்லாம் போட்டிருந்தார்கள். ஒரு வீட்டிலும் கதவைத் திறக்கவில்லை. கலந்த மருந்து என்ற வார்த்தையைக் கேட்டதுமே வடக்குத் தெருவில் ஒரு பெண், அவர்களை அழைத்துப்போன என்மேல் தண்ணீரை வீசினாள். முதலில் என் வீட்டைத் திறந்துவிட்டேன். அவர்கள் அடித்து முடிக்கும்வரை வாசலில் நின்றேன். அதைப் பார்த்துவிட்டு இரண்டு வீடுகள் திறந்தன. பிறகு ஒவ்வொன்றாகத் திறந்தன. அந்தத் தை முடிவதற்குள் காய்ச்சல் குறைந்தது. எல்லோரும் என்னை மெச்சினார்கள்.

மகள் வளர்ந்தாள். அப்பா எப்படி இறந்தார் என்று அவள் கேட்டபோது, ஊருக்குத் தெரிந்ததையே அவளுக்கும் சொன்னேன். "அந்த ஆபீஸ் அக்கா அப்பாகிட்டச் சொல்லிட்டாங்க கண்ணு." ஒருமுறை அக்கா தெரிந்தவர் ஒருவர் மூலம் மறையூர் வெல்ல உருண்டைகள் கொடுத்தனுப்பியிருந்தார். யார் கொடுத்தது என்று தெரிந்ததும் மகள் அவற்றை எடுத்துப்போய் எறும்புப் புற்றில் கொட்டினாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இந்த மாதம்தான் துணிந்தேன். பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் என்று பஸ் மாறி மாறி மூணாறுக்குப் போய், அங்கிருந்து ஜீப்பில் அந்த எஸ்டேட்டுக்குப் போனேன். தன் தங்கச்சி குடும்பத்தோடு லயத்து வீட்டில் இருந்தார் அக்கா. மெலிந்திருந்தார். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வாசலில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தார். நான் உட்காரக்கூட இல்லை.

"அக்கா, நாந்தானுங்க அவருகிட்டச் சொன்னேன்."

"தெரியும்" என்றார்.

"அப்புறம் எதுக்குங்க நீங்க..."

"அந்த அறையில ரெண்டு பேருதான இருந்தோம். நான் சொல்லலை. அப்ப நீதான். அதைத் தெரிஞ்சுக்கிட நாளைக்கு வரைக்கும் காத்திருக்கணுமாக்கும்?" பிறகு தானே தொடர்ந்தார். "ஜன்னல் வழியா உன்னையப் பாத்தேன். பிள்ளை மடியில கெடந்துச்சு. வேற எனக்கு ஒண்ணும் வாயில வரலை. இருவத்தெட்டு வருச சர்வீஸ்ல பாக்காத ஒண்ணை நான் எழுதிக் கையெழுத்துப் போட்டது அது ஒண்ணுதான்."

நான் அவர் காலடியில் உட்கார்ந்து அழுதேன். அவர் என்னைத் தொடவில்லை.

"அதுக்காக நீ செஞ்சது சரின்னு நெனைச்சுக்கிடாத" என்றார். "வேண்டாம்னு சொன்னேன். நான் சொல்லியும் நீ வெளிய சொன்ன. எம்மேலயும் தப்பு உண்டு. ஒரு கடுதாசி எழுதிட்டுப் பதிலுக்குக் காத்துக்கிட்டு இருந்தேன். போய் அவங்க மேசையில கைய வச்சுக் கத்தியிருக்கணும். கத்தலை. அந்தப் பிள்ளத்தாச்சி செத்தப்பவாவது கத்தியிருக்கணும்."

ஆபீசுக்குப் போய் உண்மையை எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார். பிறகு, "மக என்ன பண்ணுதா? அவ அப்பன் எப்படிச் செத்தான்னு அவளுக்கு என்ன சொல்லியிருக்க?" என்று கேட்டார்.

சொன்னேன். வெல்லத்தைப் பற்றியும் சொன்னேன். அக்கா முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நறுக்கவில்லை. அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான்.

"அவளுக்கு மட்டும் சொல்லிரு" என்றார்.

ஊருக்கு வந்ததும் மகளை உட்காரவைத்துச் சொன்னேன். அவள் இப்போது பத்தாம் வகுப்பு. ஆஸ்பத்திரியில் அவள் கையைப் பிடித்துப் பார்த்ததிலிருந்து பஞ்சாயத்து ஹால் ஜன்னல்வரை எதையும் விடாமல் சொன்னேன். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அவங்க வேண்டாம்னு சொல்லியுமா நீ சொன்ன?"

"ஆமா கண்ணு."

அக்காவின் போன் நம்பரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தினமும் கூப்பிடுகிறாள். கதவுக்கு வெளியே நின்றால் அவள் சிரிப்பதுகூடச் சில நாள் கேட்கிறது. என்னிடம் அவள் பேசி இன்றோடு பதினோரு நாள் ஆகிறது.